பழைய சேர்ஃப் போர்டில் ஓவியம்: எந்தப் பெயின்ட், எந்த அலை?

வாவிக்கரை

அறுகம்குடா உல்லையில் ஒரு கெஸ்ட்ஹவுஸுக்கு ஆறு பழைய சேர்ஃப் போர்டில் படம் கீறிக் குடுக்க வேணும். நாலு சுவரில் மாட்டுறதுக்கு. மற்ற ரெண்டும் வாடகைக்குப் போறது, கடலில் இறங்கும். கன்வஸிலயும் சுவரிலயும் அக்ரிலிக் பழக்கம் இருக்கு, ஃபைபர் மேல பழக்கம் இல்லை.

வள்ளத்துக்கு அடிக்கிற எனாமலே போதும் எண்டு ஹாட்வெயார் கடையில் சொல்றாங்க. போஸ்கா எண்ட பெயின்ட் மாக்கர்தான் சரி எண்டு இன்ஸ்டாகிராமில் சொல்றாங்க. எது நிக்கும்? மேல என்ன கிளியர் போடுறது? ஒரு போர்டில வால் பக்கம் உடைஞ்சு, உள்ள வெள்ளைக் குருணை மாதிரித் தெரியுது. அதையும் நான்தான் மூட வேணும்.

இன்னொரு பிரச்சினை. ஸ்கெச் காட்டினால் கெஸ்ட்ஹவுஸ்காரர் "இது ஹவாய், எங்கட அலை இல்ல" எண்டு திருப்பித் தாறார். அலையில அப்பிடி என்ன வித்தியாசம்? சேர்ஃப் ஓவியர் எண்டு பேர் எடுத்தவங்களில யாரைப் பார்த்துப் பழகலாம்?

ஃபைபர்பட்டறை

பெயின்டைப் பிறகு பார்ப்பம். முதலில எந்தப் போர்ட் எந்தச் சாமான் எண்டு பிரிங்க.

வெள்ளைக் குருணை தெரிஞ்சால் அது ஈபிஎஸ். நம்ம ரிஜிஃபோம் பெட்டி உடைஞ்சால் கொட்டுமே, அதே குருணைதான். அதுக்கு எப்பொக்சி ரெசின் மட்டும்தான். வள்ளம் ஒட்டுற பொலியெஸ்டர் ரெசினை அந்தக் காயத்தில ஊத்தினால் ஃபோம் கரையும். வெளித்தோல் நிக்கும், உள்ள வெறும் பொந்து. தின்னர், பெற்றோல், அசிட்டோன் எல்லாம் அந்தக் குருணையை அப்பிடித்தான் தின்னும், அதனால காயத்தை மூடின பிறகுதான் துடைக்கிற வேலை. மற்ற வகை பியூ, அதாவது பொலியூரிதேன் ஃபோம். மாவு மாதிரி நைசா இருக்கும், வெயிலில கிடந்து மஞ்சளாகியிருக்கும். அதுக்குப் பொலியெஸ்டரும் சரி, எப்பொக்சியும் சரி. சந்தேகம் வந்தால் எப்பொக்சி எடுங்க.

உடைஞ்ச வாலால தண்ணி போயிருக்கும். காயம் கீழ வாற மாதிரி நிழலில சாய்ச்சு, ஒரு கிழமையாவது விடுங்க. ஒவ்வொரு நாளும் ஒரு பேப்பர்த் துண்டை அதில அழுத்திப் பாருங்க. நனையிற வரைக்கும் மூடக் கூடாது. ஈரத்தோட மூடினால் வெயில் பட்டதும் ஆவி தள்ளி, உங்கட படத்தோட சேர்ந்து தோல் கொப்பளிக்கும்.

குழி ஆழமெண்டால் எப்பொக்சியில மைக்ரோபலூன் தூளைப் பற்பசைப் பதத்துக்குக் கலந்து, ஒரு தடவைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல போகாமல் நிரப்புங்க. மொத்தமா நிரப்பினால் எப்பொக்சி தானே சூடேறி ஃபோமை உருக்கும். அது இறுகினதும் சுத்தி ஒரு அங்குலம் சாண்ட்பேப்பர் பிடிச்சு, 4 அவுன்ஸ் ஃபைபர்கிளாஸ் கிளாத் ரெண்டு மடிப்பு. ஹார்ட்னர் டப்பாவில போட்ட விகிதம்தான், கெதியாக் காயட்டும் எண்டு கூட்டினால் காயாது. காய்ஞ்ச எப்பொக்சி மேல சில நேரம் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிக்கும். தண்ணியால கழுவிப் போட்டுத்தான் தேய்க்க வேணும், இல்லாட்டில் அந்தப் படலத்தை நீங்களே தேய்ச்சு உள்ள இறக்கிறீங்க.

இனி, கால் வழுக்காமல் போர்டில தேய்ச்சிருக்கிற வெக்ஸ். பத்து நிமிசம் வெயிலில வைச்சால் இளகும், பழைய ரீலோட் கார்ட் மாதிரி ஒண்டால சுரண்டலாம். மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால எடுங்க. மண்ணெண்ணெயே ஒரு பிசுக்கை விடும், அதனால பாத்திரம் கழுவுற சோப்பால கழுவிக் காய விட்டு, கடைசியா அசிட்டோன் துணியால ஒரு துடைப்பு. தண்ணி ஊத்திப் பாருங்க, விரிஞ்சு ஓடினால் சரி. ஒரு இடத்தில துளிதுளியா நிண்டால் அங்க இன்னும் வெக்ஸ் இருக்கு, பெயின்ட் அந்த இடத்தில மீன் கண் மாதிரி விலகும்.

பிறகு 240 சாண்ட்பேப்பர், அதுக்குப் பிறகு 320. மினுக்கம் செத்தால் காணும். கிளாத் நெசவு தெரியத் தொடங்கினால் நிப்பாட்டுங்க, அதுக்கு மேல போனால் போர்டின் பலத்தைத் தேய்க்கிறீங்க.

எனாமல் வேண்டாம். வள்ளத்துக்கு அது சரி, ஏனெண்டால் வள்ளத்துக்குத் திரும்பத் திரும்பப் பூசுறாங்க. படத்தைத் திரும்பப் பூச முடியாது. எனாமல் உள்ளுக்குக் காய நாள் கணக்கில எடுக்கும், மேல கிளியர் ஸ்ப்ரே பட்டதும் சுருங்கும், ரெசின் ஊத்தினால் பிடிக்காது. சுவர் போர்டின் பெரிய பரப்புக்கு வெளிச்சுவர் எமல்ஷனைத் தண்ணி கலந்து ரெண்டு பூச்சு, அதுக்கு மேல போஸ்கா. நுணுக்கத்துக்கு பிசி-5எம், நிரப்ப பிசி-8கே. அகல இடத்துக்கு பிசி-17கே, அதின் முனை 15 மில்லிமீற்றர். பென்சிலால கீறாதீங்க. கரி, மஞ்சளுக்குள்ளயும் வெள்ளைக்குள்ளயும் ஊறி அழுக்காத் தெரியும். படத்தைப் பேப்பரில கீறி, பின்பக்கம் சோக் தேய்ச்சு அழுத்தி எடுங்க.

கிளியர். சுவர் போர்டுக்கு அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிச்சு, முதல் ரெண்டு பூச்சும் பனி மாதிரி விழ வேணும், நனையக் கூடாது. 15 நிமிசம் இடைவெளி. முதல் பூச்சே ஈரமா விழுந்தால் சிவப்பும் கறுப்பும் கரைஞ்சு ஓடும். பிறகு மூண்டு சாதாரணப் பூச்சு.

கடலுக்குப் போற ரெண்டுக்கும் ஸ்ப்ரே நிக்காது, மணல் தேய்ச்சு எடுத்திரும். படம் ரெண்டு நாள் காய்ஞ்ச பிறகு மெல்லிய குளொஸ் ரெசின். பியூ போர்டெண்டால் வெக்ஸ் கலந்த பொலியெஸ்டர் (காலுக்குத் தேய்க்கிற வெக்ஸ் இல்ல, ரெசினோட கலக்கிறது). லேயர் போடுற ரெசினில அந்த வெக்ஸ் இல்ல, காற்றுப் பட்ட முகம் பிசுபிசுத்தபடியே நிக்கும். ஆறடிப் போர்டுக்கு ஒரு பக்கம் 250 மில்லி அளவு போகும். நம்ம வெக்கைக்கு, ரெசினை இறுக வைக்கிற கட்டலிஸ்ட் ஒரு வீதம், அதாவது 2.5 மில்லி. ஒரு வீதத்துக்குக் கீழ இறக்காதீங்க, ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஈபிஎஸ் போர்டெண்டால் எப்பொக்சி. ரெண்டிலயும் படத்தை விளிம்புக்கு ஒரு அங்குலம் உள்ளுக்கே நிப்பாட்டுங்க. ரெசின் பெயின்டைப் பிடிக்கிறதை விட, தேய்ச்ச ரெசினைத்தான் இறுக்கிப் பிடிக்கும். முதலில ஒரு உடைஞ்ச போர்டுத் துண்டில முழுதையும் செய்து பாருங்க.

கட்டலிஸ்ட் கண்ணில பட்டால் கண் போயிடும். கண்ணாடி போட்டுத்தான் ஊத்துங்க.

திரைமுகம்

உங்கள் கெஸ்ட்ஹவுஸ்காரர் சொல்வது சரி. அநேகமாக நீங்கள் இணையத்தில் பார்த்துக் கீறியது ஹவாயின் பைப்லைன் அலை. அது இடது அலை. அறுகம்குடாவின் மெயின் பொயின்ட், பொத்துவில் பொயின்ட், விஸ்கி பொயின்ட், பீனட் ஃபார்ம் எல்லாமே வலது அலை. இந்த இடமும் வலமும் சறுக்குகிறவருடைய கணக்கு, கரையைப் பார்த்தபடி வருகிறவருடைய வலது. கரையில் நின்று கடலைப் பார்க்கிற உங்களுக்கு அது தலைகீழ். உங்கள் படத்தில் உடைந்த நுரை வலப்பக்கமும், இன்னும் உடையாத தோள் இடப்பக்கமும் இருக்க வேண்டும். ஆள் இடப்பக்கமாகப் போக வேண்டும். தெற்கே முனையில் மோதி வடக்கே குடாவுக்குள் சுற்றி வருகிற அலை வேறு மாதிரி உடையாது. ஒரு வாரம் அங்கே சறுக்கினவர்கூட இதை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

அடுத்தது சூரியன். சேர்ஃப் ஓவியம் என்றாலே அலைக்குப் பின்னால் சூரியன் மறைகிற படம் வந்துவிடும். அது கலிபோர்னியா, மேற்குக் கரை. நமக்குக் கடலில் சூரியன் எழும்புகிறது, மறைவது வயல் பக்கம். காலை ஆறு மணிக்கு வெளிச்சம் அலைக்குப் பின்னாலிருந்து வருவதால் அலையின் முகம் நிழலில் இருக்கும், மெல்லிய உதட்டில், அதாவது அலை கவிழ்கிற மேல் விளிம்பில், மட்டும் வெளிச்சம் ஊடுருவும். அந்த விளிம்பு எலுமிச்சைப் பச்சை, நடு போத்தல் பச்சை, அடி மணல் கலங்கிய பழுப்புப் பச்சை. பின்னேரம் மேற்கு வெயில் முகத்தில் நேராக அடிக்கும், அப்போது ஊடுருவல் இல்லை, நிறம் தட்டையாகிவிடும். ஆரஞ்சு வட்டம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் பௌர்ணமி நிலாவைக் கீறுங்கள், அது சூரியன் மறைகிற நேரத்தில் கடலில் எழும்பும்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அதனால் உதட்டிலிருந்து பறக்கிற தூவானம் அலைக்குப் பின்னால், கடல் பக்கம் போக வேண்டும். முன்னால் பறக்கிற மாதிரிக் கீறினால் கடற்காற்றில் குழம்பிய அலை, அந்த நேரத்தில் போர்ட் எடுக்கிறவர் குறைவு.

முகத்தில் போடுகிற கோடுகள்தான் அலையை அலையாக்கும். அலை அடியிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கிறது, ஆகவே கோடுகள் அடியில் கிடையாகத் தொடங்கி உதட்டை நோக்கி வளைந்து ஏற வேண்டும். எல்லாம் கிடைக்கோடாகப் போனால் அது அலை இல்லை, குடும்பிமலை. நுரைக்கு முதலில் நீலச்சாம்பல், அதற்கு மேல் வெளிறிய ஊதா, தூய வெள்ளை கடைசி விளிம்பில் மட்டும். முழுதும் வெள்ளையால் நிரப்பினால் பஞ்சு மாதிரி உப்பி நிற்கும்.

உயரத்தையும் குறையுங்கள். நம் அலையின் அழகு நீளம். தோளளவு, தலையளவு உயரம், ஆனால் நீண்டு போகிற சுவர். மூன்று மாடி உயரத்துக்குக் குழாய் போல் சுருளுகிற அலையைக் கீறினால் அதுவே ஹவாய்.

ஆளைக் கீறும்போது: இடது கால் முன்னால் வைக்கிறவர் வலது அலையில் அலையைப் பார்த்து நிற்பார், கரையிலிருக்கிற நமக்கு முதுகுதான் தெரியும். வலது கால் முன்னால் வைக்கிறவர் நம்மைப் பார்த்து நிற்பார். லீஷ், அதாவது போர்டைக் காலோடு கட்டுகிற கயிறு, எப்போதும் பின்கணுக்காலில். விலை கொடுத்து வாங்குகிற படங்களில்கூட லீஷை முன்காலில் கட்டிவிடுகிறார்கள்.

வாவிக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்கெச்சில் நுரை இடப்பக்கம், சூரியன் பின்னால, லீஷ் முன்காலில. மூண்டுமே பிழை.

அந்த ஈபிஎஸ் போர்டின் முன்முகத்தில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில ஒரு சின்ன வட்டமும், நடுவில ஸ்குரூ மாதிரி ஒண்டும் இருக்கு. அது ஃபின், அதாவது அடிப்பக்கச் செதில், பூட்டுற இடமும் இல்ல. பெயின்டால மூடலாமா? மற்றது, ஆறில ஒண்டு அமத்தினால் பதியுது, ஸ்பொஞ்ச் மாதிரி.

ஃபைபர்பட்டறை

மூடவே கூடாது. அது காற்றுத் துவாரம். வெயிலில ஈபிஎஸ்ஸுக்குள்ள இருக்கிற காற்று விரியும், அது வெளிய போற வழி. கிளியரால அடைச்சால் தோல் ஃபோமை விட்டுக் கழரும். மாஸ்கிங் டேப்பை வட்டமா வெட்டி ஒட்டுங்க. ஃபின் துளை, லீஷ் குழி எல்லாத்துக்கும் அப்பிடித்தான். ரெசின் ஃபின் துளைக்குள்ள இறங்கினால் பிறகு ஃபின் பூட்ட ஏலாது.

ஸ்பொஞ்ச் மாதிரி இருக்கிறது சொஃப்ட் போர்ட், பழகிறவங்களுக்குக் குடுக்கிறது. அதின் தோல் பொலியெதிலீன், சொப்பிங் பேக் இனம். எந்தப் பெயின்டும் பிடிக்காது, வளைய வளைய உரியும். திருப்பிக் குடுத்திட்டு வேற போர்ட் கேளுங்க.

மருதமுனைநெசவு

கறுப்பு, கடும் நீலம் ரெண்டையும் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. முன்முகம் முழுக்கக் கறுப்படித்த போர்டை ஓட்டோக் கூரையில் கட்டி பகல் பன்னிரண்டு மணிக்குப் பானமைக்குக் கொண்டு போனால், வெக்ஸ் உருகி வழியும், ஈபிஎஸ் என்றால் தோல் கொப்பளிக்கும். கடும் நிறத்தைக் கோடாக மட்டும் வையுங்கள், நிரப்பாதீர்கள்.

கடலில் இறங்குகிற ரெண்டுக்கும் படத்தை அடிப்பக்கத்தில் போடுங்கள். முன்முகத்தில் போட்டால் முதல் நாளே வெக்ஸ் மூடிவிடும். கையில் இடுக்கிக் கொண்டு நடக்கும்போதும் கடைவாசலில் அடுக்கி வைக்கும்போதும் ஆட்கள் பார்ப்பது அடிப்பக்கம்தான். முன்முகத்துக்குக் கோடுகள் போதும். எங்கள் கைத்தறிச் சாரனின் கரையைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு அகலக் கோடு, பக்கத்தில் ரெண்டு ஊசிக் கோடு, பிறகு வெறுமை. அதை டேப் ஒட்டிக் கீறினால் போர்டுக்கென்றே நெய்த மாதிரி இருக்கும். பன்பாய்க் கட்டங்களும் அப்படித்தான். எல்லாரும் செம்பருத்திப் பூவைப் போடுகிறார்கள், பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது.

ஸ்ப்ரே அடிக்கிற நேரம் முக்கியம். கச்சான் கிளம்பினால் மண் தூள் முழுதும் கிளியரில் ஒட்டும். பனி காய்ந்து காற்று எழும்புவதற்கு முன் காலையில் முடியுங்கள். உப்புக்காற்றுப் பட்ட போர்டை அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் துடையுங்கள். மாரி மழைக் காலத்தில் அடிக்கவே வேண்டாம், ஈரப்பதனில் கிளியர் பால் மாதிரி வெளுக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளிருந்து கன்வஸ் வேலை செய்யுங்கள், சீசனுக்கு விற்கலாம். வெளிநாட்டவர் போர்டை விமானத்தில் ஏற்ற யோசிப்பார், சுருட்டிக் குழாயில் போட்ட கன்வஸை யோசிக்க மாட்டார். ரெண்டாக முறிந்த போர்டின் மூக்குத் துண்டும் நன்றாகப் போகும். வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும், ஃபைபர் தூள் நாள் முழுக்கக் கடிக்கும்.

விலை பேசும்போது பெயின்ட், ரெசின், சாண்ட்பேப்பர் எல்லாவற்றையும் தனியாக எழுதி, அதற்கு மேல் மணிக்கூலி. பழுதுபார்க்கிற கூலியைப் படத்தின் கூலியோடு கலக்காதீர்கள். வால் உடைந்ததை மூடுவதே ஒரு முழு வேலை. பாதிக் காசு முன்பணம்.

புத்தர், பிள்ளையார், பள்ளிவாசல் எதையும் போர்டில் கீறித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காலால் மிதிக்கிற பொருள். 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பயணியை நாட்டை விட்டே அனுப்பினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது வேறு விடயம், ஆனால் அந்த அலைச்சல் கீறுகிறவருக்கு வேண்டாம்.

திரைமுகம்

யாரைப் பார்த்துப் பழகலாம் என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன்.

ஜோன் செவர்சன் (1933–2017). கலிபோர்னியாவில் ஓவியம் படித்தவர். ராணுவச் சேவைக்கு ஹவாய்க்கு அனுப்பப்பட்டு, அங்கேயும் சறுக்கிக்கொண்டும் கீறிக்கொண்டும் இருந்தார். 1960இல் தான் எடுத்த சேர்ஃபிங் படத்தோடு விற்க 36 பக்கச் சிற்றேடு ஒன்றைப் போட்டார், அதுதான் 'சேர்ஃபர்' சஞ்சிகையாக வளர்ந்தது. பிறகு அதை விற்றுவிட்டு மாவித் தீவில் குடியேறி ஓவியராகவே வாழ்ந்தார். கெட்டியான நிறம், குறைந்த விவரம். ஆளின் நிற்கிற வளைவை மூன்று தீற்றலில் கொண்டுவருவது எப்படியென்று அவரிடம் பார்க்கலாம்.

அந்தச் சஞ்சிகைக்கு 1961இல் பள்ளிப் பையனாக 'மர்ஃபி' என்ற கார்ட்டூன் பாத்திரத்தைக் கீறியவர் ரிக் கிரிஃபின். 1944இல் பிறந்தவர், வாகன விபத்தொன்றில் கண்ணில் பலத்த காயம் பட்டது. பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் அவர் கீறிய பறக்கும் கண் பெயர் பெற்றது. 1991இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலமானார். எழுத்து வடிவத்துக்கும் பேனாக் கோட்டுக்கும் அவரைப் பாருங்கள், ஆனால் இந்த வேலைக்கு அவர் அதிகம் உதவமாட்டார். அவ்வளவு நுணுக்கம் கிளியருக்குக் கீழே கலங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியவர் ஜோன் வான் ஹாமர்ஸ்வெல்ட். 1960களின் நடுவில் ஒரு சேர்ஃபிங் திரைப்படத்துக்கு அவர் செய்த சுவரொட்டியில் பிங்க், ஆரஞ்சு, மஞ்சள், அதற்கு மேல் ஆட்களின் கறுப்பு நிழலுரு. நிறம் படிப்படியாக மங்குவதே இல்லை. ஒரு புகைப்படத்தை வெளிச்சம், நிழல் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தட்டை நிறம். போஸ்காவுக்கென்றே செய்த முறை மாதிரி. தெருவுக்கு அப்பாலிருந்தும் புரியும்.

மாக்கர் வேலையையே பார்க்க வேண்டுமென்றால் ட்ரூ புரோஃபி. போர்டில் போஸ்காவால் கீறுவதைத் தொழிலாக ஆக்கியவர்களில் முக்கியமானவர். அவருடைய வேலையில் நிறங்கள் முதலில், கறுப்புக் கோடு பிறகு, வெள்ளைப் பொட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. கறுப்பை முதலில் போட்டால் அடுத்த நிறம் அதை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஹொகுசாயின் பெரிய அலையை (1831 அளவில்) எல்லாரும் போர்டில் ஏற்றுகிறார்கள். அது நடுக்கடல் அலை, சறுக்க முடியாது, படகுக்காரர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற காட்சி. பிரஷ்ய நீலத்தை இரண்டு மூன்று அடர்த்தியில் மட்டும் வைத்து ஆழம் காட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், நகத்தைப் போன்ற நுரையை விட்டுவிடுங்கள்.

வாவிக்கரை

சரி. சொஃப்ட் போர்டைத் திருப்பிக் குடுக்கிறன், ஈபிஎஸ் காயட்டும். சுவர் போர்டில முதலில பியூ ஒண்டைத் தொடங்குறன். காலை வெளிச்சம், நாலு நிறம், நுரை வலப்பக்கம்.

ஃபைபர்பட்டறை

தொடங்க முன் ஒண்டு கேளுங்க: சுவரில நிமிர்த்தி மாட்டுறாரா, கிடையாவா, மூக்கு எந்தப் பக்கம்? கிடையா மாட்டுற போர்டில நிமிர்த்திக் கீறின அலை சாய்ஞ்சு போய்க் கிடக்கும். ஆணி அடிக்கிற ஆளிட்டயும் சொல்லி வையுங்க, கொக்கி லீஷ் குழியில மாட்ட வேணும், போர்டைத் துளைக்கக் கூடாது.